குற்ற விகிதம் குறைந்தது என்றால், எது குறைந்தது?

இந்தியாவின் குற்ற விகிதம் 2019-இல் லட்சம் பேருக்கு 385.5. அடுத்த ஆண்டு 487.8. பிறகு 445.9, 422.2 என இரண்டு ஆண்டுகள் இறங்கி, 2023-இல் 448.3-க்கு ஏறியது. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் (என்.சி.ஆர்.பி.) வெளியிட்ட இந்த ஐந்து எண்களை வைத்துக்கொண்டு எந்தக் கட்சிக்காரரும் தமக்கு வேண்டிய கதையைச் சொல்லலாம். 2020-இலிருந்து தொடங்கினால் குற்றம் சரிந்திருக்கிறது. 2019-இலிருந்து தொடங்கினால் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு கூடியிருக்கிறது. கணக்கு இரண்டிலும் சரிதான். ஆனால் தெருவில் நடந்துபோகிறவருக்கு ஆபத்து கூடியதா குறைந்ததா என்பதை இரண்டுமே சொல்லவில்லை.

2020-ஐப் பாருங்கள். ஊரடங்கில் நாடே வீட்டுக்குள் இருந்த ஆண்டு அது. திருட்டு குறைந்தது, ஆட்கடத்தல் வழக்குகள் குறைந்தன. ஆனாலும் மொத்த வழக்குகள் 51.56 லட்சத்திலிருந்து 66.01 லட்சமாக உயர்ந்தன. எங்கிருந்து வந்தன? அரசு ஊழியர் முறைப்படி பிறப்பித்த உத்தரவை மீறுவது இந்திய தண்டனைச் சட்டத்தின் (இ.த.ச.) 188-ஆவது பிரிவில் வரும். அதில் 2019-இல் பதிவானவை 29,469 வழக்குகள், 2020-இல் 6,12,179. ‘இதர இ.த.ச. குற்றங்கள்’ என்ற வரிசை 2,52,268-லிருந்து 10,62,399 ஆனது. கூடுதலான 14.45 லட்சம் வழக்குகளில் 13.93 லட்சம் இந்த இரண்டு வரிசைகளில்தான் இருக்கின்றன. முகக்கவசம் போடாதது, தடை நேரத்தில் வெளியே வந்தது, கடையைத் திறந்தது போன்றவையே பெரும்பகுதி. அந்த ஆண்டு இ.த.ச. வழக்குகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது. தமிழர்கள் ஒரே ஆண்டில் குற்றவாளிகளாகிவிடவில்லை. இங்கே காவல்துறை ஊரடங்கு வழக்குகளை எழுதித் தள்ளியது, அவ்வளவுதான்.

அதன் மறுபக்கமாக, 2021-இல் 7.6 விழுக்காடும் 2022-இல் 4.5 விழுக்காடும் ‘குறைந்தது’ என்று வந்த செய்திகளில் பெரும்பகுதி ஊரடங்கு வழக்குகள் வடிந்ததன் கணக்கு. அதை அரசின் சாதனையாகச் சொல்வதும், 2020-இன் உயர்வை அரசின் தோல்வியாகச் சொல்வதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள்.

புகார் எண்ணாக மாறும் வழி

நடந்த குற்றத்தை யாரும் எண்ணுவதில்லை. காவல் நிலையத்தில் எழுதப்பட்ட முதல் தகவல் அறிக்கையைத்தான் (எஃப்.ஐ.ஆர்.) எண்ணுகிறார்கள். இரண்டுக்கும் நடுவே பல வடிகட்டிகள் இருக்கின்றன.

முதல் வடிகட்டி பாதிக்கப்பட்டவரே. அவர் காவல் நிலையப் படி ஏறினால்தான் கணக்கு தொடங்கும். 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வில், 18 முதல் 49 வயதுக்குட்பட்ட திருமணமான பெண்களில் ஏறத்தாழ 29 விழுக்காட்டினர் கணவரின் உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறைக்கு உள்ளானதாகச் சொன்னார்கள். வன்முறைக்கு உள்ளான பெண்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் 14 விழுக்காடு மட்டும். இந்த ‘யாரிடமாவது’ என்பதில் தாய்வீடும் அக்கம்பக்கமும் அடக்கம். காவல்துறை வரை போனவர்கள் இன்னும் சொற்பம். கணவர், அவரது உறவினர் கொடுமை என 2022-இல் பதிவான 1,40,019 வழக்குகளை இந்தப் பின்னணியில்தான் படிக்க வேண்டும்.

இரண்டாவது, புகாரின் தன்மை. பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றத்துக்குத்தான் எஃப்.ஐ.ஆர். மற்றவற்றை நீதித்துறை நடுவரின் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது. மொத்த விகிதத்திலும் அவை சேராது.

மூன்றாவதுதான் தமிழ்நாட்டில் பலருக்கும் பழக்கமானது: சி.எஸ்.ஆர். புகார் மனுவை வாங்கிக்கொண்டு, சமுதாயப் பணிப் பதிவேட்டில் எண் போட்டு, ஒரு ரசீதைக் கையில் கொடுப்பார்கள். மனு வந்தது என்பதற்கான அத்தாட்சி அது. வழக்குப் பதிவானது என்பதற்கானது அல்ல. ரசீதோடு வீடு திரும்பும் பலர் தங்கள் புகார் ‘ரெஜிஸ்டர்’ ஆகிவிட்டதாக நினைக்கிறார்கள். தேசியப் புள்ளிவிவரத்தில் அந்த ரசீதுக்கு இடமே கிடையாது. கைபேசி பறிபோன புகார்களில் இன்னொன்றும் நடக்கும். ‘திருடப்பட்டது’ என்று எழுதினால் வழக்கு. ‘தொலைந்துவிட்டது’ என்று எழுதினால் வெறும் மனு. சிம் கார்டை மாற்றவும் ஐ.எம்.இ.ஐ. எண்ணை முடக்கவும் மனுவே போதும் என்பதால் புகார்தாரரும் வற்புறுத்துவதில்லை. நிலையத்துக்கு ஒரு திருட்டு வழக்கு மிச்சம்.

வாகனத் திருட்டு இதற்கு நேர் எதிர். எஃப்.ஐ.ஆர். நகலும், வண்டி கிடைக்கவில்லை என்ற சான்றும் இல்லாமல் காப்பீட்டு நிறுவனம் பணம் தராது. ஆகவே உரிமையாளர் விடமாட்டார். சொத்துக் குற்றங்களில் ஓரளவு நம்பிப் படிக்கத்தக்க வரிசை வாகனத் திருட்டுதான்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2013 நவம்பரில், கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததைத் தகவல் காட்டினால் எஃப்.ஐ.ஆர். பதிந்தே ஆக வேண்டும் என்றது. குடும்பத் தகராறு, வணிகத் தகராறு, மருத்துவ அலட்சியம், ஊழல், நெடுநாள் கழித்து வரும் புகார் போன்ற சிலவற்றுக்கு மட்டும் முன்விசாரணையை அனுமதித்தது. 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு இதைச் சற்று விரித்திருக்கிறது. எல்லை பார்க்காமல் எந்த நிலையத்திலும் புகார் தரலாம். மின்னணு வழியிலும் அனுப்பலாம், ஆனால் மூன்று நாளுக்குள் கையெழுத்திட வேண்டும். மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முன்விசாரணை நடத்தலாம். இந்தக் கடைசி வசதியைக் கவனிக்க வேண்டும். மோசடி போன்ற அன்றாடப் புகார்களில் சில இந்த வரம்புக்குள் வருகின்றன. பதினான்கு நாள் என்பது சமரசம் பேசி அனுப்பிவிடத் தாராளமான அவகாசம்.

பதிய மறுத்தால் வழி இது. புகாரின் சாரத்தை எழுதி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். பதிவுத் தபாலாக இருந்தால் அத்தாட்சி இருக்கும். மாநகரமானால் துணை ஆணையர். அங்கும் அசையாவிட்டால், பிரமாணப் பத்திரத்தோடு 175(3)-ஆவது பிரிவின்கீழ் நடுவரை நாடலாம். கண்காணிப்பாளருக்கு அனுப்பிய அத்தாட்சி இல்லாமல் நேரே நடுவரிடம் போகும் மனுக்கள்தான் பெரும்பாலும் அடிபடுகின்றன. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். கேட்டு வாங்கும்போது எந்தப் பிரிவு போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துவிடுவது நல்லது. ஏனென்றால் அடுத்த வடிகட்டி அங்கேதான் இருக்கிறது.

ஒரு அறிக்கை, ஒரு குற்றம்

ஒரே சம்பவத்தில் வீடு புகுந்து, கொள்ளையடித்து, பெண்ணை வன்புணர்வு செய்து கொலையும் செய்திருந்தால் காப்பகத்தின் அட்டவணையில் அது ஒரே ஒரு கொலை. கடுமையான தண்டனைக்குரிய பிரிவை மட்டும் எண்ணுவதுதான் விதி. ஆகவே வன்புணர்வு, கொள்ளை என்ற வரிசைகளில் நீங்கள் பார்ப்பது, கொலையில் முடியாத வன்புணர்வுகளும் கொள்ளைகளும்தான்.

ஒரே எஃப்.ஐ.ஆரில் பலரை ஏமாற்றிய நிதி நிறுவன வழக்கு இன்னும் விபரீதம். ஆயிரக்கணக்கானோர் பணத்தை இழந்திருந்தாலும் புகார்களை ஒரே வழக்கில் சேர்த்தால் எண் ஒன்று. தனித்தனியாகப் பதிந்தால் ஒரு மாவட்டத்தின் மோசடி விகிதமே தலைகீழாகும்.

வகுக்கும் எண்ணிலும் பிரச்சினை உண்டு. விகிதம் என்பது வழக்குகளை ஒரு லட்சத்தால் பெருக்கி மக்கள்தொகையால் வகுப்பது. 2011-க்குப் பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்காததால் நாட்டுக்கும் மாநிலங்களுக்கும் முன்கணிப்பு எண்களைப் பயன்படுத்துகிறார்கள். பெருநகரங்களுக்கோ 2011-இன் எண்ணே அப்படியே நிற்கிறது. ‘பாதுகாப்பான நகரம்’ என்று அடிக்கடி செய்தியில் அடிபடும் கொல்கத்தாவை எடுத்துக்கொள்வோம். 2021-இல் 14,591 வழக்குகள், விகிதம் 103.4. திருப்பி வகுத்தால் மக்கள்தொகை 141 லட்சம் என்று வரும். 2011-இல் கொல்கத்தா நகர்த்திரளின், அதாவது மாநகரமும் அதை ஒட்டி வளர்ந்த ஊர்களும் சேர்ந்த பகுதியின், மொத்த மக்கள்தொகை அது. கொல்கத்தா மாநகராட்சிக்குள் இருந்தவர்கள் 45 லட்சம் பேர்தான். நகர்த்திரளில் ஹௌராவும் விதான்நகரும் பாராக்பூரும் உண்டு, ஒவ்வொன்றுக்கும் தனிக் காவல் ஆணையரகம் உண்டு. மேலே உள்ள வழக்குகள் எந்த எல்லைக்குரியவை, கீழே உள்ள மக்கள் எந்த எல்லைக்குரியவர்கள் என்று கேட்காமல் நகரங்களை வரிசைப்படுத்தும் பட்டியலைப் பகிர்வதில் பயனில்லை.

சிறப்புச் சட்டங்கள், உள்ளூர்ச் சட்டங்கள் என்ற பகுதியைத் தனியாகப் பிரித்தே படிக்க வேண்டும். 2022-இன் 58.25 லட்சம் வழக்குகளில் 22.64 லட்சம் இவை. மதுவிலக்கு, சூதாட்டம், போதைப்பொருள், ஆயுதச் சட்டம் போன்றவற்றில் புகார்தாரர் பெரும்பாலும் போலீஸ்தான். தேடினால் கிடைக்கும், தேடாவிட்டால் கிடைக்காது. கஞ்சா வழக்குகள் இரண்டு மடங்கானால் கஞ்சா இரண்டு மடங்கானது என்றும் பொருள் கொள்ளலாம், சோதனை இரண்டு மடங்கானது என்றும் கொள்ளலாம். பிடிபட்ட அளவு, சில்லறை விலை, மருத்துவமனைச் சேர்க்கை ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் எது என்று தெரியும்.

நல்ல உயர்வுகள்

2012-இல் நாட்டில் பதிவான வன்புணர்வு வழக்குகள் 24,923. 2013-இல் 33,707. தில்லியில் மட்டும் 706 என்பது 1,636 ஆனது. 2012 டிசம்பரில் தில்லிப் பேருந்தில் நடந்த வன்புணர்வுக் கொடூரத்துக்குப் பிறகு சட்டம் திருத்தப்பட்டது, வன்புணர்வின் வரையறை விரிந்தது, பாலியல் குற்றப் புகாரைப் பதிய மறுக்கும் காவலருக்கே தண்டனை என்று புதிய பிரிவு வந்தது, பெண்களும் துணிந்து வந்தார்கள். அந்த எண்ணிக்கை உயர்ந்ததற்காக யாராவது வருந்த வேண்டுமா?

காணாமல்போன குழந்தைகள் விஷயமும் இப்படித்தான். 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம், காணாமல்போகும் ஒவ்வொரு குழந்தையும் கடத்தப்பட்டதாகவோ ஆள்வணிகத்தில் சிக்கியதாகவோ முதலில் கருதி வழக்குப் பதிய வேண்டும் என்றது. அதற்கு முன் ‘காணவில்லை’ என்ற குறிப்போடு நின்றவை எஃப்.ஐ.ஆர். ஆயின. 2012-இல் 47,592 ஆக இருந்த ஆட்கடத்தல் வழக்குகள் 2022-இல் 1,07,588. வீட்டில் கோபித்துக்கொண்டு போய் மறுநாள் திரும்பிய பதினாறு வயதுச் சிறுவனும், காதலனோடு போன பதினேழு வயதுப் பெண்ணும் இந்த எண்ணுக்குள் இருக்கிறார்கள். ஆனால் உண்மையிலேயே கடத்தப்பட்ட குழந்தைக்கு முதல் 24 மணி நேரத்தில் தேடுதல் தொடங்குவதும் இதே விதியால்தான்.

கேரளம் ஆண்டுதோறும் குற்ற விகிதத்தில் மேல்வரிசையில் இருப்பதையும் இப்படிப் பார்க்கலாம். புகார் தரத் தயங்காத மக்களும் பதிந்துகொள்ளும் காவல் நிலையமும் சேர்ந்தால் விகிதம் உயரத்தான் செய்யும். குற்றம் கூடுவதும் குற்றப் பதிவு கூடுவதும் வேறுவேறு என்று காப்பகமே தன் அறிக்கையின் முன்பகுதியில் எச்சரிக்கிறது. அந்தப் பக்கத்தைப் புரட்டாமல் அட்டவணைக்குப் போய்விடுகிறோம்.

இதனால்தான் ‘குற்ற எண்ணிக்கையைக் குறைப்போம்’ என்று இலக்கு வைப்பது ஆபத்து என்கிறோம். மாதாந்திரக் குற்றக் கலந்தாய்வுக் கூட்டத்தில் ‘போன வருஷத்தைவிட ஏன் கூடுதல்?’ என்று ஓர் ஆய்வாளரைக் கேட்டால், அடுத்த மாதம் அந்த எண்ணைக் குறைக்க அவரிடம் எளிய வழி ஒன்றிருக்கிறது. பதியாமல் விடுவது. வழிப்பறியைத் திருட்டாக்குவது, திருட்டை மனு ரசீதாக்குவது. குற்றத்தைத் தடுப்பதற்கு ஆள், வண்டி, மாதக்கணக்கான வேலை வேண்டும். எழுதாமல் விடுவதற்கு எதுவும் வேண்டாம்.

உண்மையில் குறைந்திருப்பது

கொலை. மறைக்கக் கடினமான குற்றம் அது. உடல் இருக்கிறது, பிரேதப் பரிசோதனை இருக்கிறது, உறவினர் இருக்கிறார்கள். சந்தேக மரணம் என்று தொடங்கி, பிறகு பிரிவு மாற்றப்படாமலே கிடக்கும் சில வழக்குகள் இருக்கலாம். ஆனால் பிற வரிசைகளோடு ஒப்பிட்டால் இதுவே நம்பகமானது. 2021-இல் 29,272, 2022-இல் 28,522, 2023-இல் 27,721. மக்கள்தொகை இன்றைய அளவில் மூன்றில் இரண்டு பங்கைவிடக் குறைவாக இருந்த 1990களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 40,000-ஐ ஒட்டிக் கொலைகள் நடந்தன. அப்போது லட்சத்துக்கு 4.5-ஐ ஒட்டி இருந்த விகிதம் இப்போது 2.0. முப்பது ஆண்டுகளில் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. ஆட்சிகள் எத்தனையோ மாறின, இறக்கம் நிற்கவில்லை. எந்த ஒரு திட்டத்துக்கும் எந்த ஒரு முதல்வருக்கும் இதை எழுதிவைக்க முடியாது.

காரணங்களில் ஒன்று காவல்துறைக்கு வெளியே இருக்கிறது. வெட்டுப்பட்டவரை 108 ஆம்புலன்ஸ் அரை மணி நேரத்தில் அரசு மருத்துவமனையில் சேர்த்துவிட்டால், கொலை வழக்காக வேண்டியது கொலை முயற்சியாக நின்றுவிடும். 2005-இல் ஆந்திரத்தில் தொடங்கிய இந்தச் சேவை 2008-இல் தமிழ்நாட்டுக்கு வந்தது. கொலை குறைந்துவந்த அதே நீண்ட காலத்தில் கொலை முயற்சி வழக்குகள் கூடியிருக்கின்றன. கூடியதில் எவ்வளவு பங்கு உயிர் பிழைத்தவர்கள், எவ்வளவு பங்கு காயமேற்படுத்தியதற்கும் தாராளமாகப் போடப்பட்ட கடும் பிரிவு என்று பிரிப்பது கடினம். இரண்டும் கலந்தே இருக்கும். ஆகவே கொலை எண்ணை மட்டும் பார்க்காமல் கொலை முயற்சியையும் கூட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

கொலைக்கான காரணங்களைப் பார்த்தால் இன்னொன்று புரியும். 2022-இன் 28,522 கொலைகளில் 9,962 தகராறுகளால் நடந்தவை: நிலம், குடும்பம், பணம், அற்பச் சண்டை. தனிப்பட்ட பகை 3,761. ஆதாயத்துக்காக நடந்தவை 1,884. அதாவது அறிமுகமில்லாத கொள்ளைக்காரனைவிட வரப்புக்கு அந்தப் பக்கத்துக்காரர்தான் ஆபத்து. இரவு ரோந்தோ, முச்சந்திக் கேமராவோ இந்த வகைக் கொலையை அதிகம் தடுக்காது. பட்டா, நில அளவை, எல்லைக்கல் ஆகியவற்றைச் சீராக வைத்திருக்கும் வருவாய்த் துறைக்கும், தகராறு முற்றுவதற்கு முன் இரு தரப்பிடமும் நன்னடத்தைப் பிணை வாங்கும் கோட்டாட்சியருக்கும் இதில் பங்கு உண்டு. ‘பொதுப் பாதுகாப்பு’ பற்றிய பேச்சில் சர்வேயரின் பெயர் வருவதேயில்லை.

இடம் மாறிய குற்றம்

பூட்டை உடைத்தவனின் இடத்தைக் கைபேசியில் அழைக்கிறவன் பிடித்திருக்கிறான். இணையக் குற்ற வழக்குகள் 2019-இல் 44,735. 2023-இல் 86,420, அதாவது முந்தைய ஆண்டைவிட 31 விழுக்காடு கூடுதல். இதுவும் பனிப்பாறையின் முனைதான். அதே 2023-இல் தேசிய இணையக் குற்றப் புகார் தளத்துக்கு வந்த புகார்கள் 15 லட்சத்துக்கும் மேல். வழக்கானவை நூற்றுக்கு ஐந்தாறுதான். பறிபோன பணமாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்ன தொகை 2023-இல் 7,465 கோடி ரூபாய், 2024-இல் 22,845 கோடி. மொத்தக் குற்ற விகிதம் ஓர் ஆண்டு இரண்டு புள்ளி இறங்கினால், இந்த வரிசையில் எத்தனை புகார் வழக்காகாமல் நின்றது என்று கேட்காமல் மகிழ்ச்சி அடைய முடியாது.

இங்கே இணையப் பண மோசடிக்கான 1930 என்ற உதவி எண் உண்மையிலேயே பயனுள்ள ஏற்பாடு. அது வேலை செய்வது நேரத்தைப் பொறுத்தது. போன பணம் முதல் கணக்கில் சில நிமிடங்கள்தான் தங்கும். பிறகு கூலிக்கு வாங்கிய கணக்குகள் நான்கைந்தின் வழியே சிதறி, ஏ.டி.எம்.மிலோ கிரிப்டோவிலோ கரைந்துவிடும். அழைக்கும்போது பரிவர்த்தனை எண், தொகை, நேரம், பணம் போன கணக்கு அல்லது யு.பி.ஐ. அடையாளம் ஆகியவை கையில் இருந்தால் அந்தந்த வங்கிக்கு நிறுத்திவைக்கும் கோரிக்கை உடனே போகும். முதலில் வங்கிக் கிளைக்குப் போய், மேலாளரைப் பார்த்து, மறுநாள் காவல் நிலையம் போய்ப் பிறகு 1930-ஐ அழைப்பவருக்கு நிறுத்திவைக்க எதுவும் மிஞ்சியிருக்காது. நிறுத்திவைத்த பணம் தானாகத் திரும்பிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். பல நேரம் நீதிமன்ற உத்தரவு தேவைப்படும். 2025 மே மாதம் தில்லியில் முன்னோட்டமாக, 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட புகார்கள் தானாகவே ஜீரோ எஃப்.ஐ.ஆர். (நிலைய எல்லை பார்க்காமல் பதியும் எஃப்.ஐ.ஆர்.) ஆகும் ஏற்பாடு தொடங்கியது. இது பரவினால் இணையக் குற்ற எண் கிடுகிடுவென ஏறும். அந்த ஏற்றம் நல்லது.

அரசு செய்வதில் எது பலிக்கிறது

கேமராவில் தொடங்கலாம், ஏனென்றால் பணம் அதிகம் போவது அங்கே. பெண்கள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் நிர்பயா நிதியில் நடக்கும் பாதுகாப்பான நகரத் திட்டத்தில் சென்னை உட்பட எட்டு நகரங்கள் உள்ளன. கேமரா குற்றத்தைத் தடுக்கிறதா என்று பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் ஓரளவு ஒரே திசையில் பேசுகின்றன: வாகன நிறுத்துமிடம் போன்ற எல்லை உள்ள இடங்களில், சொத்துக் குற்றங்களில் பயன் உண்டு. கோபத்திலும் போதையிலும் நடக்கும் வன்முறையில் பயன் சொற்பம். நம் ஊரில் கேமராவின் பெரிய பயன் தடுப்பதில் அல்ல, துப்புத் துலக்குவதில். சங்கிலி பறித்த பைக் எந்தெந்தச் சந்திப்பைக் கடந்தது என்று தொடர்ந்து பார்க்க முடிகிறது.

அதிலும் கோளாறுகள் ஒரே மாதிரி வருகின்றன. பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்த கேமரா கம்பத்தில் தொங்கும். பதிவுக் கருவியின் கடிகாரம் பத்து நிமிடம் தள்ளி ஓடும். எதிர்வரும் வண்டியின் முகப்பு விளக்கில் எண் பலகை வெள்ளையாகிவிடும். கொள்ளளவு தீர்ந்தால் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். விசாரணை அதிகாரி மூன்று வாரம் கழித்துக் கேட்கும்போது ஒன்றும் இருக்காது. இருந்தாலும், மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழ் இல்லையென்றால் நீதிமன்றத்தில் எடுபடாது. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆவது பிரிவு அதை வலியுறுத்துகிறது. பக்கத்துக் கடைக்காரரின் பதிவுக் கருவியிலிருந்து பென் டிரைவில் எடுத்துவந்து, சான்றிதழ் வாங்க மறந்து, விடுதலையில் முடிந்த வழக்குகள் குறைவில்லை. காவல் நிலையங்களுக்குள்ளும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதமும், முடியாதபோது குறைந்தது ஓராண்டும் வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தெருக் கேமராவுக்குக் காட்டிய வேகத்தை இதற்கு எந்த மாநிலமும் காட்டவில்லை.

தடயவியல் பக்கம் நடந்திருப்பது பெரிய மாற்றம். ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் இடத்துக்கு வந்தாக வேண்டும் என்கிறது புதிய நடைமுறைச் சட்டம். மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். சோதனையையும் பொருள் கைப்பற்றுவதையும் ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும். சட்டம் சரி. முட்டுக்கட்டை ஆய்வகத்தில். மாதிரி எடுக்கும் வேகம் கூடி, ஆய்வாளர்களின் எண்ணிக்கை கூடாவிட்டால் அறிக்கை வர மாதங்கள் நீளும். குற்றப்பத்திரிகை 60 அல்லது 90 நாளில் போகாவிட்டால் கைதானவருக்குத் தானாகவே ஜாமீன் உரிமை வந்துவிடும் என்பதால், அறிக்கை இல்லாமலே குற்றப்பத்திரிகை போகும்.

அவசர எண் 112-ஐ அளப்பதற்கு அழைப்புகளின் எண்ணிக்கை உதவாது. அழைத்த நொடியிலிருந்து வண்டி வந்து நின்ற நொடி வரை எவ்வளவு என்பதே அளவு. ரோந்து வண்டியை அமைச்சர் வருகைக்கும் திருவிழா பந்தோபஸ்துக்கும் அனுப்பிவிட்ட நாட்களில் அந்த நேரம் எகிறும். ஆள் பற்றாக்குறைதான் அடிப்படை. லட்சம் பேருக்கு 190-க்கு மேல் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள், உண்மையில் இருப்பவர்கள் 150 சொச்சம் என்பதே அண்மை ஆண்டுகளின் தேசிய நிலை.

தமிழ்நாட்டில் ரவுடிகளைக் கட்டுப்படுத்த அதிகம் நம்பப்படுவது 1982-ஆம் ஆண்டின் குண்டர் தடுப்புச் சட்டம். ஆணையரோ ஆட்சியரோ உத்தரவிட்டால் விசாரணை இல்லாமல் ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். தேர்தலுக்கும் திருவிழாவுக்கும் முன் தெரு அமைதியாகிறது என்பது உண்மை. ஆவணங்களைத் தரத் தாமதம், முறையீட்டைப் பரிசீலிக்கத் தாமதம் போன்ற காரணங்களால் உயர் நீதிமன்றம் இவ்வுத்தரவுகளைத் தொடர்ந்து ரத்து செய்துவருவதும் உண்மை. எங்கள் மதிப்பீட்டில் இது சிகிச்சை அல்ல, ஒத்திவைப்பு. மூல வழக்கை ஓராண்டுக்குள் நடத்தித் தண்டனை வாங்கியிருந்தால் தடுப்புக் காவல் தேவைப்பட்டிருக்காது.

அங்கேதான் பெரிய ஓட்டை. தண்டனை விகிதம் 2022-இல் இ.த.ச. வழக்குகளில் 54 விழுக்காடு என்கிறார்கள். அது விசாரணை முடிந்த வழக்குகளில் மட்டும். நீதிமன்றத்தில் இருக்கும் வழக்குகளில் பத்துக்கு ஒன்பது அந்த ஆண்டு முடியவே இல்லை. வன்புணர்வு வழக்குகளில் தண்டனை விகிதம் 27-ஐ ஒட்டித்தான். தண்டனையைக் கடுமையாக்கிச் சட்டம் திருத்துவது ஒரு நாள் வேலை. சாட்சி நினைவோடு இருக்கும்போதே விசாரணையை முடிப்பதற்கு அரசு வழக்கறிஞர், சம்மன் கொண்டுபோகும் காவலர், காலியில்லாத நீதிபதி இருக்கை எல்லாம் வேண்டும். மாட்டிக்கொள்வோம் என்ற நிச்சயம்தான் கைகளைத் தடுக்கிறது என்று குற்றவியல் நெடுநாளாகச் சொல்லிவருகிறது. அந்த நிச்சயம் நம்மிடம் இல்லை.

இனி வரும் அறிக்கைகளைப் படிக்கும்போது இன்னொரு கவனம் தேவை. 2024-இன் முதல் ஆறு மாதம் இந்திய தண்டனைச் சட்டம், அடுத்த ஆறு மாதம் பாரதிய நியாய சன்ஹிதா. 511 பிரிவுகள் 358 ஆகின. அரசு ஊழியரின் உத்தரவை மீறுவதற்கான 188 இப்போது 223. தற்கொலை முயற்சிக்கான பழைய 309 நீங்கிவிட்டது, பொது ஊழியரைத் தடுக்க முயலும்போது செய்வது மட்டும் வேறு எண்ணில் குற்றமாகத் தொடர்கிறது. திருட்டுக்குள்ளும் வழிப்பறிக்குள்ளும் கலந்து கிடந்த சங்கிலிப் பறிப்பு, கைபேசிப் பறிப்பு எல்லாம் 304-ஆவது பிரிவில் ‘பறிப்பு’ என்று தனிக் குற்றமாகியிருக்கின்றன. அங்கே கூடும் ஒவ்வொரு வழக்கும் திருட்டிலோ வழிப்பறியிலோ ஒன்றைக் குறைக்கும். புதிய வரிசையில் 2024-க்கு ஆறு மாத எண்தான் இருக்கும் என்பதால், 2025-இன் முழு ஆண்டு எண்ணோடு அதை வைத்துப் பார்த்தால், தெருவில் எதுவுமே மாறாமலிருந்தாலும் பறிப்புக் குற்றம் ஒரே ஆண்டில் இரட்டிப்பானதாகத் தெரியும்.